இருபத்து மூன்றாம் பாட்டில் குறுக்கே பேசிய ஆள்

வாஷிங் மெஷின் மெக்கானிக் எந்த மெஷினையும் எடுத்த எடுப்பில் திறக்க மாட்டார். முதலில் ஓடவிடுவார். மேல்மூடியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். முதல்முறை பார்க்கிற வீட்டுக்காரர்கள் இவருக்கு மயக்கம் வந்துவிட்டதோ என்று நாற்காலி எடுத்து வருவார்கள். அரை நிமிடத்தில் கண்ணைத் திறப்பார்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு. உள்ள ஒரு ஹேர்பின் போயிருக்கு. ரெண்டா இருந்தாலும் இருக்கும்."

திறந்தால் இரண்டு இருக்கும்.

இந்தக் காதுதான் அவரைப் பாட்டுப் போட்டிக்கு நடுவராக்கியது. ஐந்து வருடங்களுக்கு முன்பு, இசைக்கருவிக் கடைக்காரர் வீட்டு மெஷினைப் பார்க்கப் போயிருந்தார். கடைக்காரர் அப்போதுதான் தம் கடையின் பெயரில் ஒரு போட்டி தொடங்கியிருந்தார். சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டு, வீட்டிலேயே போனில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். முறையாகச் சங்கீதம் படித்தவர்களுக்கு இடமில்லை. வந்திருந்த பாட்டுகளில் ஒன்றைக் கூடத்தில் ஓடவிட்டுத் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று நடுவர்களில் ஒருவர் அன்று காலைதான் ஊரைவிட்டு மாற்றலாகிப் போயிருந்தார்.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தத் தம்பி குளியலறையில உக்காந்து பாடியிருக்காரு. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுது. அது போகட்டும். மூணாவது வரி வரும்போதெல்லாம் குரலை முழுங்குறாரு பாருங்க. அந்த வரி அவருக்கே பிடிக்கல."

கடைக்காரர் அந்தத் தம்பிக்குப் போன் போட்டார். குளியலறைதான். மூன்றாவது வரியை மைத்துனர் எழுதிக் கொடுத்தாராம்.

அன்றைக்கு மாட்டிக்கொண்டவர்தான். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் நடுவர்கள் மூவர்: தேவாலயச் சேர்ந்திசைக் குழுவைப் பழக்கிவைக்கும் பாட்டு டீச்சர், வானொலியில் செய்தி வாசித்து ஓய்வுபெற்ற ஒருவர், மெக்கானிக். பாடியவரின் பெயர் நடுவர்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு நடுவரும் குறைந்தது பத்து வரி கருத்து எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டுப் பாடியவர்கள் இரண்டு வாரத்துக்குள் பாட்டைத் திருத்தி மறுபடி பதிவு செய்து அனுப்பலாம். பிறகு கடையிலேயே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, எல்லாரையும் கூட்டிவைத்துக் கேட்டு முடிவு சொல்வார்கள்.

மெக்கானிக் தம் கருத்தை மூன்று தலைப்பில் எழுதுவார். 'கேட்டது.' 'காது நிமிர்ந்த இடம்.' 'கை ஸ்பேனருக்குப் போன இடம்.' பழைய சர்வீஸ் சீட்டுகளின் பின்பக்கத்தில் கிறுக்கி வைத்துக்கொண்டு வாசிப்பார். கல்லூரியில் படிக்கும் மகள் அதை டைப் செய்து அனுப்புவாள்.

பாடுகிறவர்கள் முதலில் அவர் கருத்தைத்தான் தேடிப் படிப்பார்கள் என்று கடைக்காரர் சொல்வார். படித்துவிட்டுச் சிலர் இரண்டு நாள் சாப்பிடுவதில்லை என்றும் சொல்வார்.

ஏழாம் எண்ணுக்கு எழுதியது: "உங்கள் பாட்டில் காதலி மூன்று தடவை விட்டுப் போகிறாள். முதல் தடவை எனக்குத் துக்கமாக இருந்தது. மூன்றாவது தடவை நானே பஸ் ஏற்றிவிட்டேன்." பதினான்காம் எண்ணுக்கு: "மழை கொட்டுகிறது என்று பாடுகிறீர்கள். பின்னால் ஃபேன் ஐந்தில் சுற்றுகிறது. மழையில் நனைந்தவருக்கு ஃபேன் எதற்கு?" முப்பதாம் எண்ணுக்கு: "இரண்டாம் சரணம் அருமை. பக்கத்து அறையில் ஓடும் மெஷினுக்கு பேரிங் போகப்போகிறது. இரண்டையும் கவனியுங்கள்." முப்பதாம் எண்காரர் கடைக்காரர் மூலம் விசாரித்து அவரையே வேலைக்குக் கூப்பிட்டார். பேரிங் போயேதான் இருந்தது.

அந்த வருடம் வாரவாரம் வந்து சேர்ந்தவை நாற்பத்தொரு பாட்டுகள். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் சாப்பிட்டதும் கூடத்தில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, பெரிய ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாரானால் வீடு இடிந்து விழுந்தாலும் தெரியாது. பிடிக்காத இடம் வந்தால் நாக்கைச் சப்புக்கொட்டி, "ம்ஹூம், போச்சு" என்பார். ஹெட்போன் மாட்டியவர்களுக்குத் தாம் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது தெரியாதல்லவா, அது தெருமுனைவரை கேட்கும்.

இருபத்து மூன்றாம் எண்ணைக் கேட்டபோது மட்டும் "ம்ஹூம்" வரவில்லை. ஒரு பெண்ணின் குரல், தாழ்ந்த குரல். வாத்தியம் எதுவும் இல்லை. சமையலறைக் குழாயிடம் பேசுகிற மாதிரி ஒரு பாட்டு.

'சொட்டுச் சொட்டாச் சொல்லிவை, சொல்ல வேற ஆளில்லை. விட்டு விட்டு நீ பேசினாலும் விட்டுப் போன நாளில்லை.'

மெக்கானிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி ஓடவிட்டார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"எழுதிக்கோம்மா. இருபத்து மூணு. கேட்டது: யாரோ ஒரு அம்மா தனக்குத் தானே பாடிக்கிற மாதிரி இருக்கு, ஆனா நல்லாக் கேக்குது. காது நிமிர்ந்த இடம்: தாளம். கையில எதுவும் தட்டல, ஆனா கடிகாரம் மாதிரி ஓடுது. எங்க இருந்து இந்தக் கணக்கு வந்துச்சுன்னு புரியல."

மகள் தலை நிமிராமல் டைப் செய்தாள்.

"கை ஸ்பேனருக்குப் போன இடம். ஒண்ணு: மூணாவது சரணத்துல வானம் அழுவுது. சமையலறைப் பாட்டுல வானத்துக்கு என்ன வேலை? நீங்க பாத்ததை எழுதுங்க. ரெண்டு: பின்னால குழாய் சொட்டுது, ஃப்ரிட்ஜ் நிக்கும்போது டொங்குன்னு குதிக்குது. ரெண்டும் பத்து நிமிஷ வேலை. அந்த வீட்டு ஆம்பிளை ஒரு சோம்பேறின்னு நினைக்கிறேன்."

மகளின் தோள் குலுங்கியது. மெக்கானிக்குக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"மூணு: ரெண்டாவது சரணம் முடியிற இடத்துல யாரோ ஒரு ஆளு குறுக்க வந்து 'ம்ஹூம், போச்சு'ங்கறாரு. இந்த மாதிரி ஆளுங்க இருக்கிற வீட்டுல பாட்டு எப்படி வளரும்? அடுத்த தடவை அவரைக் கடைக்கு அனுப்பிட்டுப் பாடுங்க."

மகள் போனைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"என்னடா, அவ்வளவு நல்லாவா இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்குப்பா. ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்."

தம் நகைச்சுவை வருடத்துக்கு வருடம் கூர்மையாகிக்கொண்டு வருவதாக அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவர் அப்போதே கவனித்திருக்க வேண்டும். அவருடைய மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வாரம் முழுக்க "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டு ஓய்ந்துபோய், ஞாயிற்றுக்கிழமை யாரையும் எங்கேயும் கூப்பிடாதவர். அன்று மத்தியானம் ஹெட்போனை எடுத்தவரிடம், "என்னங்க, கறுப்பு நூல் தீந்துபோச்சு" என்றார். மெக்கானிக் வாங்கி வந்தார். "கறுப்பு இல்லீங்க, கருநீலம்." மறுபடி போனார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "கடிகாரத்துக்கு பேட்டரி" என்றார்.

"இதையெல்லாம் முதல்லயே ஒண்ணாச் சொல்லக் கூடாதா?"

"ஞாபகம் வரவரத்தானே சொல்ல முடியும்."

மூன்றாவது முறை படியிறங்கும்போது மேலிருந்து மகளின் குரல் கேட்டது: "அம்மா, மூணாவது சரணம் இன்னும் சரியா வரலையே." மகள் எதற்கோ மனப்பாடம் செய்கிறாள் என்று நினைத்தபடி அவர் நடந்தார்.

அவருக்கு உறைத்தது வேறு ஒன்று. எட்டு மாதமாகத் தினமும் இரண்டு வேளை, "அந்தக் குழாயை எப்பப் பாப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி, ஒரு வாரமாகக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் கேட்கவில்லை. புதன்கிழமையும் இல்லை.

மெக்கானிக்கின் அனுபவம் ஒன்று உண்டு. கடகடவென்று சத்தம் போடுகிற மெஷினைப் பற்றிப் பயமே இல்லை. அது இன்னும் பத்து வருடம் ஓடும். தினமும் சத்தம் போட்டது ஒருநாள் சத்தமில்லாமல் ஓடினால்தான் உடனே திறந்து பார்க்க வேண்டும். ஏதோ ஒன்று கழன்றே போயிருக்கும்.

வியாழக்கிழமை வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார். குழாயைக் கழற்றி, தேய்ந்துபோன வாஷரை எடுத்துவிட்டுப் புதியது போட்டார். எட்டு நிமிடம். இருக்கிற தெம்பில் ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்து, கம்ப்ரஸருக்கு அடியில் நைந்திருந்த ரப்பரையும் மாற்றினார். அது பதினொரு நிமிடம். சமையலறை சத்தம் இல்லாமல் ஆனது. கையைத் துடைத்துக்கொண்டு, மனைவி வரும் நேரத்துக்குக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மனைவி வந்தார். கைப்பையை வைத்தார். சமையலறைக்குப் போனார். வெளியே வரவில்லை.

மெக்கானிக் பெருமையோடு எட்டிப் பார்த்தார். மனைவி தொட்டியின் முன்னால் நின்றபடி குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு பண்ணச் சொன்னது?"

"நீதானே. எட்டு மாசமா."

"எட்டு மாசம் பொறுத்தவருக்கு இன்னும் ரெண்டு நாள் பொறுக்க முடியலையா?"

அவ்வளவுதான். மனைவி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மெக்கானிக் புது வாஷரைப் பார்த்தார். அது ஒழுங்காகத்தான் இருந்தது. உள்ளேயிருந்து மகளிடம் பேசுவது கேட்டது: "விடு. இந்த வருஷம் வேண்டாம். அது இல்லாம எனக்குத் தாளம் நிக்காது, ரெண்டாவது வரியிலேயே முந்திடுவேன்."

மகள் வெளியே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். "அப்பா, இருபத்து மூணாம் நம்பரை இன்னொரு தடவை கேளுங்க."

"அதுக்குத்தான் எழுதியாச்சே."

"ஹெட்போன் இல்லாம. சமையலறையில உக்காந்து கேளுங்க."

பாட்டு போனிலிருந்து மெல்ல வந்தது. சொட்டு. ஒரு சொல். சொட்டு. ஒரு சொல். மெக்கானிக் கண்ணை மூடினார். பழக்கத்தில் உள்ளங்கையைத் தொட்டியின் மேல் வைத்தார். குரல் சொட்டின் மேல் காலை வைத்து வைத்து நடந்தது. அவர் கடிகாரம் என்று புகழ்ந்ததும், பத்து நிமிட வேலை என்று திட்டியதும் ஒரே குழாய். அடுத்து ஃப்ரிட்ஜ் நின்றது: டொங். அந்த டொங்கை அன்று மத்தியானம்தான் அவர் தம் கையால் நிறுத்தியிருந்தார். கண் திறந்துவிட்டது.

இரண்டாவது சரணம் முடிந்தது. "ம்ஹூம், போச்சு" என்றது ஒரு குரல்.

"யாரு இந்த ஆளு?" என்றார், கடைசி நம்பிக்கையாக.

மகள் பாட்டை நிறுத்தினாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் எந்த வீட்டு பேரிங்கையும் தூரத்திலிருந்தே சொல்கிற காது. இருபத்திரண்டு வருடம் கூடவே வாழ்ந்த மனுஷியின் குரலை அதற்குத் தெரியவில்லை. தம் மூக்குக்குத் தம் வீட்டு வாசனை தெரியாது என்பார்கள்; காதுக்கும் அப்படி ஒரு நோய் இருக்கிறது போலிருக்கிறது.

"நீ டைப் பண்ணினியேடா. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பாடினவங்க யாருன்னு நடுவர்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கேப்பா."

அவர் உள்ளறைக் கதவைத் தட்டினார். மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் வாசலிலேயே நின்றார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? 'நல்லா இருக்கு'ன்னு சொல்லிட்டு ஹெட்போனை மாட்டியிருப்பீங்க." மனைவி துண்டை உதறினார். "முன்ன பின்ன தெரியாத ஆளுங்களுக்கெல்லாம் உக்காந்து பத்துப் பத்து வரி எழுதறீங்க. இருபத்திரண்டு வருஷத்துல என்னைப் பத்திச் சேந்தாப்ல மூணு வரி பேசியிருக்கீங்களா? அதான் நானும் ஒரு நம்பரா வந்து பாத்தேன்."

"சோம்பேறின்னு எழுதிட்டேனே."

"அந்த வரி நல்லா இருந்துச்சு. டாக்டர்கிட்டகூடப் படிச்சுக் காட்டினேன்."

சிரித்துவிடுவார் போலத் தெரிந்தது; சிரிக்கவில்லை. மெக்கானிக் மெதுவாகக் கேட்டார்: "அந்தச் சொட்டு இல்லாம பாட முடியாதா?"

"முடிஞ்சா பாட மாட்டேனா? சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். மூணாவது சரணத்தை நீங்க சொன்ன மாதிரி மாத்திட்டேன். மாத்தி என்ன பண்ண?"

"மாத்தினதைச் சொல்லு."

மனைவி தயங்கினார். பிறகு துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "'பகலெல்லாம் நான் கூப்பிட்டேன், அடுத்தவங்க வாங்கன்னு, பொழுதானா யார் கூப்பிடுவா, என்னைக் கொஞ்சம் வாங்கன்னு.'"

மெக்கானிக்கின் காது நிமிர்ந்தது. உள்ளே வந்து, குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தாமும் மடிக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை கடை திறக்கும்போதே போய் நின்றார். சொந்தக்காரர் பாட்டுக்கு நடுவர் மதிப்பெண் போடக் கூடாது என்பது போட்டியின் விதி; அதை எழுதியவரே கடைக்காரர்தான். மெக்கானிக் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கடைக்காரர் கிட்டார் கம்பி சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"இருபத்து மூணு உங்க வீட்டம்மான்னு எனக்குப் பேரைப் பாத்தே தெரியும் சார். நீங்க முதல் வரியிலேயே கண்டுபிடிச்சு வந்து விலகுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். உங்க கருத்தைப் படிச்சதும் கடையைச் சாத்திட்டுச் சிரிச்சேன்."

"சிரிச்சது போதும். என் மார்க்கை எடுத்துடுங்க. இந்த வருஷம் நான் நடுவர் இல்ல."

"ஊர்ல கேட்டா என்ன காரணம் சொல்ல?"

மெக்கானிக் யோசித்தார். இந்த ஊரில் அவருக்கு இருந்த ஒரே பட்டம் அந்தக் காதுதான். "உள்ளதையே சொல்லுங்க" என்றார். "எப்படியும் டாக்டர் சொல்லிடுவாரு."

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயின் முன் உட்கார்ந்தார். பழைய வாஷரைத் தூக்கியெறியவில்லை. எதையுமே எறியாத ஜாதி அவர். பழைய உதிரிகள் போடும் டப்பாவைக் கொட்டி, அதைத் தேடி எடுத்து மாட்டினார். சொட்டியது. ஆனால் வேகமாகச் சொட்டியது, பஸ்ஸுக்கு ஓடுகிறவன் மாதிரி. இறுக்கினார்; நின்றே போனது. கால் சுற்றுத் தளர்த்தினார். மகள் பழைய பதிவை ஓடவிட்டாள். இவர் ஒரு காதில் அதையும் மறுகாதில் குழாயையும் வைத்துக்கொண்டு, ஸ்பேனரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஒழுகுவதை நிறுத்த எட்டு நிமிடம். ஒழுக வைக்க ஒன்றரை மணி நேரம். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு வேலை அவர் செய்ததில்லை, சர்வீஸ் சீட்டில் எழுதவும் வழியில்லை.

மூன்றரை மணிக்கு இரண்டு சொட்டும் ஒன்றாக விழுந்தன. மனைவி காதைச் சாய்த்துக் கேட்டார். விரலால் தொடையில் தட்டிப் பார்த்தார்.

"இதேதான்" என்றார்.

"ஃப்ரிட்ஜையும் பழையபடி ஆக்கட்டுமா?"

"வேண்டாம். அது எனக்கும் பிடிக்கல."

மெக்கானிக் கருவிப் பெட்டியை மூடிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். "சரி, நான் கடைக்குப் போறேன். என்ன வாங்கணும்?"

"எங்க போறீங்க? உக்காருங்க."

"நான்தானே அந்த ஆளு."

"அந்த ஆளு வேணும். ரெண்டாவது சரணத்துக்கு அப்புறம் ஒரு இடைவெளி வருது. அங்க நீங்க பழையபடி சொல்லணும். அது இல்லைன்னா மூணாவது சரணத்துக்கு நான் எப்படிப் போறது?"

முதல் முறை மெக்கானிக் முந்திக்கொண்டார். இரண்டாம் முறை "ம்ஹூம்" என்றவர் "போச்சு" என்பதை மறந்துவிட்டார். மூன்றாம் முறை மேடையில் வசனம் பேசுகிறவர் மாதிரி மார்பை நிமிர்த்திச் சொன்னார்.

மனைவி கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். "குரலை முழுங்குறீங்க. அந்த வரி உங்களுக்கே பிடிக்கலையா?"

"பிடிக்கலைதான்."

"பிடிக்காததுதான் வேணும். எம்மேல இல்ல, பாட்டு மேல. நல்லா வெறுப்பா, சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கிற மாதிரி சொல்லுங்க."

மகள் சர்வீஸ் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தார். 'கை ஸ்பேனருக்குப் போன இடம்: அப்பா' என்று இருந்தது. ஐந்தாவது முறையில் ஒப்பேறியது. நாலே முக்காலுக்குப் பாட்டு போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையில் பிளாஸ்டிக் நாற்காலிகளின் மூன்றாம் வரிசையில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். அவர் இடத்தில் நடுவராக யாரும் இல்லை. காரணம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முப்பதாம் எண்காரர் முன்வரிசையிலிருந்து திரும்பி, "சார், எங்க வீட்டு மெஷின் இப்ப எப்படி இருக்குன்னு இங்கேருந்தே சொல்லுங்களேன்" என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மெக்கானிக்கும் சிரித்தார், சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேட்பார்கள்.

இருபத்து மூன்று ஓடியது. குழாய் சொட்டியதும் கடையில் இரண்டு பேர் திரும்பித் தண்ணீர் எங்கே என்று தேடினார்கள். 'அடுத்தவங்க வாங்கன்னு' என்ற வரியில் யாரோ "ஆகா" என்றார்கள். பல் டாக்டராகத்தான் இருக்க வேண்டும். பாட்டுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது.

பாட்டு டீச்சர் தம் கருத்தை வாசித்தார். சொற்கள் பிரமாதம். குழாயைத் தாளமாக வைத்துக்கொண்டது புதுமை. "ஒரே ஒரு குறை. நடுவில் வரும் ஆண்குரல் கொஞ்சம் நடிப்பு. இயல்பா இல்ல."

மெக்கானிக் மனைவியின் பக்கம் சாய்ந்தார். "நாலாவது தடவை இயல்பாத்தான் சொன்னேன். நீதான் அஞ்சாவதை அனுப்பின."

"ம்ஹூம்" என்றார் மனைவி, டீச்சரைப் பார்த்தபடியே. "போச்சு."

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும், மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "என்னங்க, இந்தக் குழாயை எப்பப் பாப்பீங்க?"

மெக்கானிக்குக்கு உள்ளே கழன்றிருந்த ஏதோ ஒன்று சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஹெட்போன் இருந்த நாற்காலியைத் தாண்டி, சமையலறை வாசலில் போய் நின்றார்.

"அடுத்த வருஷம் என்ன பாட்டுன்னு முதல்ல சொல்லு. அப்புறம் கழட்டுறேன்."